ஸ்டாண்டர்டு ஹெரால்டு கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரித்துச் சேர்ப்பது எப்படி?

எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கியர் பாக்ஸைக் கும்பகோணத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துச் சேர்த்து, வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும், இங்கிலாந்தில் 1962-இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். பழைய ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம்.

பிரிப்பதற்கு முன் வண்டியை ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். 4-ஆவது கியரில் இன்ஜின் வேகம் நேராகப் பின்னால் போய்விடும், லே ஷாஃப்ட்டுக்கு (லே கியர் என்ற பல்சக்கரத் தொகுதியைத் தாங்கும் அச்சு) வேலை இல்லை. 1, 2, 3-இல் ஊளையிட்டு 4-இல் அடங்கினால் சந்தேகம் லே ஷாஃப்ட் மேல்தான். 2-ஆவது போடும்போது கரகரவென்று கடித்தால் சின்க்ரோ ரிங் (கியர் விழுமுன் வேகங்களைச் சமமாக்கும் வெண்கல வளையம்) தேய்ந்திருக்கிறது. முதல் கியருக்கு ஹெரால்டில் சின்க்ரோவே கிடையாது, அது கடிப்பதை நோயாக எண்ண வேண்டாம்.

கழற்றுவது சுலபம். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. சீட்டுகளையும் நடுவில் உள்ள கவரையும் எடுத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கிளட்ச் சிலிண்டர் எல்லாம் விடுவித்து, இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்தால் கியர் பாக்ஸ் வண்டிக்குள்ளேயே பின்னால் வந்துவிடும். தூக்க இரண்டு பேர் வேண்டும். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்: மாவு போன்ற கருப்புத் தூள் வயசுக் கோளாறு, பித்தளை மினுமினுப்பு சின்க்ரோ, கையில் தட்டுப்படும் இரும்புத் துண்டு என்றால் பல் உடைந்திருக்கிறது.

மேல் கவரைத் தூக்கும்போது கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஸ்டீல் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் தெறித்தால் தேடி மாளாது. கியர் மாற்றும் ராடுகளுக்கு இடையே இருக்கும் பூட்டுத் துண்டுகள் இல்லாமல் சேர்த்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பாக்ஸ் இறுகிவிடும். எடுத்த வரிசையிலேயே போட்டோ எடுத்து, தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

இப்போது லே ஷாஃப்ட். பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான். லே கியரின் இரு முனைக்குள்ளும் ஊசி ஊசியாக நீடில்கள் (பேரிங்காக உருளும் மெல்லிய உருளைகள்) இருக்கின்றன. ஷாஃப்ட்டை வெறுமனே உருவினால் அவ்வளவும் பாக்ஸுக்குள் உதிரும், திரும்பக் கோக்கவும் முடியாது. ஆகவே நீடில்களைத் தாங்கிப் பிடிக்க ஒரு டம்மி ஷாஃப்ட் தேவை. அசல் ஷாஃப்ட்டைவிட மயிரிழை மெலிதாக, நீளம் லே கியர் அளவுக்கு மட்டும். லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். டம்மியால் அசலைத் தள்ளி வெளியேற்றினால் லே கியர் நீடில்களோடு கீழே இறங்கி உட்காரும், மெயின் ஷாஃப்ட்டை எடுக்க வழி கிடைக்கும்.

சேர்க்கும்போது இதன் தலைகீழ். கிரீஸ் தடவி நீடில்களை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள், கழற்றியபோது எண்ணியது சரியாக வர வேண்டும். லே கியரின் முனைக்கும் பாக்ஸ் சுவருக்கும் நடுவே வரும் த்ரஸ்ட் வாஷரையும் கிரீஸாலேயே சுவரில் ஒட்டி, லே கியரைத் தூக்கிப் பிடித்து, அசல் ஷாஃப்ட்டை டம்மியின் பின்னாலேயே இடைவெளி விடாமல் தள்ளுங்கள். தடங்கினால் சுத்தியலைத் தொடாதீர்கள். வாஷர் நகர்ந்திருக்கும், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். லே ஷாஃப்ட்டில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் புதுசே போடுங்கள், பாலிஷ் போட்டுச் சமாளிக்கக் கூடாது.

பேரிங்குக்கு டிராக்டர், பவர் டில்லர் சாமான் விற்கும் கடைகளை முதலில் கேளுங்கள். பேரிங் மேல் பொறித்த எண்ணைச் சொன்னால் போதும். தட்டுவதற்குப் பித்தளைக் கம்பி, கழுவ மண்ணெண்ணெய், இரண்டும் போதுமானவை.

ஆயில் 90 நம்பர், ஆனால் ஜி.எல்.4 (டப்பாவில் போட்டிருக்கும் தர வகை) மட்டுமே. ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் வெண்கல ரிங்குகளை அரிக்கக்கூடும். எம்.ஜி.பி. கார் வைத்திருக்கும் நண்பர்களே, உங்களுக்கு இது வேண்டாம், அதன் கியர் பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில்தான், 20டபிள்யூ50. ஹெரால்டு பாக்ஸின் பக்கவாட்டு ஓட்டையின் விளிம்பு வரை நிரப்பினால் அளவு சரி.

பின்சேர்க்கை: சின்க்ரோ ரிங்கைச் சுவாமிமலையில் வார்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வார்ப்புத் திறமை பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் ரிங்குக்கு வேண்டிய உலோகக் கலவை வேறு, உட்புறச் சாய்வும் நுண்ணிய மரையும் மிஷினில் துல்லியமாகக் கடைந்தவை. ரெடிமேடாகவே வாங்குங்கள்.

இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாளே கியர் பாக்ஸ் ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் நிறத்தில் வந்தாலோ தள்ளிப்போடாமல் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.