கியூபெக் ஃபிடில்: வில்லைத் தொடுவதற்கு முன் காலைப் பழக்குங்கள்

கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் பாரம்பரிய ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார்கள். கை வாசிக்க வாசிக்க, இரண்டு பாதங்களும் தரையில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் போடோரித்மி. தாளக் கருவியே இல்லாத வீட்டுக் கூடங்களில் ஆட வந்தவர்களுக்குத் தாளம் கொடுத்தது அந்தப் பாதங்கள்தான். வில்லை முதலில் பழகிவிட்டுக் காலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலில் தொடங்கினால்தான் இந்த இசை பிடிபடும்.

வயலின் பிடிக்கவும் சுருதி சேர்க்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். கர்நாடக முறையில் பழகியவர்கள் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று மாற்றிக்கொள்ளுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தால் காலுக்கு வேலை இருக்காது, ஆகவே கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும். குதிகால் தரையில் முழுதாகப் படிகிற உயரம் போதும்.

1. கேளுங்கள்

முதல் மெட்டாக ‘ரீல் த சேந்த்-ஆன்’ எடுத்துக்கொள்ளுங்கள். ரீல் என்பது வேகமான ஆட்ட மெட்டு வகை. டி மேஜர், இரண்டு பகுதிகள், பகுதிக்கு எட்டு அளவுகள் (பார்), ஒவ்வொன்றும் இரண்டு முறை. கியூபெக் ஃபிடில் கலைஞர்களான ஜோசப் அலார், ஜான் கரிஞான் இருவரின் வாசிப்பையும் நிறையக் கேளுங்கள். கரிஞான் மொன்றியலில் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். காதால் கேட்டுக் கேட்டே கற்றவர். நமக்கும் அதே வழிதான், நொட்டேஷன் வேண்டாம்.

வேகத்தைக் குறைத்துக் கேட்க ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளே போதும். சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும் வசதி அதில் இருக்கிறது. பழைய 78 சுற்று இசைத்தட்டுகளின் பதிவுகளில் சுருதி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். உங்கள் தந்தியைத் திருகாமல், பதிவின் சுருதியை மென்பொருளில் சரிசெய்யுங்கள்.

2. கால்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ரீலில் ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்து ‘தகதிமி’ என்று சொல்லுங்கள்.

த: வலது குதிகால்
க: எதுவும் இல்லை
தி: இடது முன்பாதம்
மி: வலது முன்பாதம்

ஒரு நெடில், இரண்டு குறில். இதற்கு வேறு வடிவங்களும் உண்டு, தொடங்குவதற்கு எனக்குப் பிடித்தது இது. வலது பாதம் குதிகாலுக்கும் விரலுக்கும் இடையே ஊஞ்சல்போல் ஆடும், இடது பாதம் நடுவில் ஒரே ஒரு தட்டு.

என்னை நிறுத்திவைத்த இடம் அந்தக் ‘க’. ஒலி இல்லாத இடமென்றால் மனம் அதைத் தாண்டி ஓடப் பார்க்கிறது. ஓடினால் மூன்று தட்டும் சமமாகி, ரீல் வேறொரு நடைக்குப் போய்விடும். பழகும்வரை ‘க’வை வாயால் உரக்கச் சொல்லுங்கள், மற்ற மூன்றையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள். ஆடுவதற்கு வாசிக்கும்போது வேகம் 110-ஐத் தாண்டும், அதற்கு அவசரமில்லை. பாதத்தை ஒரு விரல் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். கெண்டைக்கால் வலித்தால் நாற்காலியின் உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியில் ஓசை வராது. தோல் அடிப்பாகம் உள்ள ஷூவும் ஒரு ப்ளைவுட் பலகையும் வேண்டும்.

(பிற்சேர்க்கை: டைல்ஸ் தரையில் பலகை போட்டும் ஓசை செத்துக் கேட்கிறது என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பலகையின் இரண்டு ஓரத்திலும் அடியில் மரச்சட்டம் வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள், உள்ளே காற்று நின்றால் ஓசை வந்துவிடும். கீழ்வீட்டுக்காரர்கள் இருந்தால் சட்டத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு.)

3. வாய்

கால் ஓடும்போதே மெட்டை வாயால் பாடுங்கள். பொருளில்லாத அசைகளால் மெட்டைப் பாடுவதை அங்கே டுர்லுட் என்பார்கள். 1930-களில் லா போல்டுக் என்று புகழ்பெற்ற பாடகி மேரி ட்ராவர்ஸின் பாட்டுகளில் அது நிரம்பிக் கிடக்கிறது. வாய் பாடும்போது கால் தடுமாறினால் வில்லை எடுக்காதீர்கள்.

4. வில்

திறந்த ஏ தந்தியில் தட்டுக்கு ஒரு நீள வில். அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. காலின் தாளம் தடுமாறாமல் நின்றால் மட்டும் மெட்டுக்குப் போங்கள்.

‘குரோஷ்’ எனப்படும் கோணல் மெட்டுகளை இப்போது தொடவேண்டாம். அவற்றில் ஒரு சொற்றொடரில் ஒரு தட்டு கூடும், இன்னொன்றில் குறையும். தவறென்று நினைத்து அதை நேராக்கிவிடாதீர்கள், அந்த மெட்டின் அழகே அதுதான்.

5. பாட்டு

‘ஷான்சோன் ஆ ரெப்போந்தர்’ வகையில் ஒருவர் ஓர் அடி பாட, கூட்டம் அதையே திருப்பிப் பாடும். பிரெஞ்சு தெரியாதவர்களும் கலந்துகொள்ளலாம். முன்பாடுபவர் அடியை முடித்ததும் இடைவெளி விடாமல் கூட்டம் பிடிக்க வேண்டும். அதற்கு உதவுவதும் காலின் தட்டுதான், அதனால் பாட்டு முடியும்வரை காலை நிறுத்தாதீர்கள்.

6. பதிவும் பகிர்வும்

கைபேசியைப் பலகைமேல் வைத்தால் இடிச்சத்தம் மட்டும் விழும். எதிரே இன்னொரு நாற்காலியில் மடித்த துண்டை விரித்து, அதன்மேல் முழங்கால் உயரத்தில் வைத்தால் காலும் வில்லும் சமமாகக் கேட்கும்.

வெளியிடுவதற்கு முன் மெட்டு யாருடையது என்று பாருங்கள். பாரம்பரியம் என்று நினைக்கும் பல மெட்டுகளுக்கு ஆசிரியர் உண்டு. கனடாவில் 2022 டிசம்பர் 30 முதல் பதிப்புரிமைக் காலம் ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டுகள். 1941-இல் மறைந்த மேரி ட்ராவர்ஸின் பாட்டுகளை அங்கே தாராளமாகப் பாடலாம். கரிஞான் மறைந்தது 1988-இல், அவர் சொந்தமாக அமைத்தவற்றுக்கு அனுமதி வேண்டும்.

குறிப்பில் மெட்டின் பெயரோடு, யாருடைய வாசிப்பிலிருந்து கற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். பல ரீல்களுக்கு அவற்றை வாசித்த கிராமத்து ஃபிடில்காரரின் பெயரே பெயராக நிலைத்திருக்கிறது.