ஓவன் காட்டும் 180 உண்மையில் எவ்வளவு?

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கோலாலம்பூரில் பல வீடுகளில் ஓவன் ஓயாது. நெய் பிஸ்கட், அன்னாசி டார்ட், பட்டர் கேக் என்று தட்டு மாற்றித் தட்டு போகும். ஒன்று கருகி, இன்னொன்று வெளிறி வந்தால் பழி மாவின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் குறை வெப்பத்தில் இருக்கும். குமிழைத் திருப்பி 180-ல் நிறுத்தினால், உள்ளே 180 இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வீட்டு ஓவன்களில், அதிலும் மேசை ஓவன்களில், 20 டிகிரி கூடுவதும் குறைவதும் சாதாரணம்.

ஆகவே மாவு பிசையும் முன்னே ஓவனைச் சோதியுங்கள். பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கி, நடு மட்டத்தில் கம்பித் தட்டின் மையத்தில் வையுங்கள். 180-க்குத் திருப்பி, சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்த பின் 10 நிமிடம் விடுங்கள். பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே நாலைந்து தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் சூட்டுக்கம்பியை விட்டு விட்டு எரிய வைப்பதால் எண் ஏறி இறங்கும். அவற்றின் சராசரிதான் உங்கள் ஓவனின் உண்மையான வெப்பம். அது 160 என்றால், 180 கேட்கும் கேக்குக்கு 200 வைத்துப் பாருங்கள். 150-லும் 200-லும் தனியாகச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. கிடைத்த மூன்று எண்களையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

வெப்பமானி இல்லாதவர்களுக்குச் சீனி உதவும். அது ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனியைப் பரப்பி, சூடான ஓவனில் 15 நிமிடம் வையுங்கள். 175-ல் வைத்தால் உருகக் கூடாது, 190-ல் வைத்தால் உருக வேண்டும். 175-லேயே பாகாகிவிட்டால் உங்கள் ஓவன் சூடு கூடியது. 190-லும் மணல் போல அப்படியே கிடந்தால் சூடு போதவில்லை.

அடுத்தது, சூடு எந்த மூலையில் அதிகம் என்பது. கம்பித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி 180-ல் 8 முதல் 10 நிமிடம் வாட்டி எடுங்கள். முதலில் சிவக்கும் மூலையை நினைவில் வைத்து, பிஸ்கட் சுடும்போது முக்கால் நேரம் ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பிவிடுங்கள். கேக்கை அந்த நேரத்துக்கு முன் தொடவே வேண்டாம். மேல் இறுகும் முன் கதவைத் திறந்தால் சூடு சட்டென்று இறங்கி நடுப்பகுதி அமுங்கிவிடும்.

விளக்கு அணைந்ததுமே மாவை உள்ளே தள்ளும் பழக்கத்தை விட வேண்டும். அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் ஆகியிருக்காது. கதவைத் திறந்ததும் காற்று போய்விடும், போன சூட்டை மீட்டுத் தருவது சுவர்கள்தாம். விளக்கு அணைந்த பிறகு இன்னொரு 5 முதல் 10 நிமிடம் கொடுங்கள்.

மேசை ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருக்கிறது. டின்னைக் கம்பித் தட்டில் வைத்தால் மாவின் மேல்பரப்பு ஓவனின் நடுவே வர வேண்டும், எனவே உயரமான டின் என்றால் கம்பித் தட்டு கீழ் மட்டத்துக்குப் போகும். கேக் கூம்பி நடுவில் வெடிக்கிறது என்றால், ஓரமும் மேல்பரப்பும் சீக்கிரம் இறுகி, உள்ளே இருக்கும் மாவு பிளந்துகொண்டு எழுகிறது. 10, 15 டிகிரி குறையுங்கள், ஒரு மட்டம் இறக்குங்கள். அடி கருகினால் இன்னொரு தட்டை அடியில் சேர்த்து இரட்டைத் தட்டாக்குங்கள். ஓவனின் தரையில் மட்டும் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள், கீழிருந்து வரும் சூட்டை அது தடுத்துவிடும். டின்னைச் சுற்றி நாலு பக்கமும் 3 செண்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

ஓவனின் உள்ளே இருக்கும் காற்றாடியைப் போட்டுச் சுட்டால் குறிப்பில் உள்ளதைவிட 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டுக்குக் காற்றாடி நல்லது. ஸ்பாஞ்ச் கேக்குக்கு வேண்டாம், மேல்பரப்பு முந்திக் காய்ந்துவிடும். கறுப்பு டின் சூட்டை அதிகம் வாங்கும், அதற்கும் 10 டிகிரி குறைக்கலாம். கேக்குக்கு மெருகு குறையாத அலுமினிய டின்னே சிறந்தது. அமெரிக்கக் குறிப்பில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 டிகிரி.

நம் ஊர் வெக்கைக்கு ஓவனை மட்டும் சரிசெய்தால் போதாது. குளிர் நாட்டுக் குறிப்புகள் பட்டரை வெளியே வைத்து இளக்கச் சொல்லும். அந்த அறை 20 டிகிரி, நம் சமையலறை 30-ஐத் தாண்டும். அங்கே ஒரு மணி நேரம் வைத்த பட்டர் இங்கே எண்ணெய் விட்டுவிடும், சீனியோடு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது, கேக் கனக்கும். சிறு துண்டுகளாக வெட்டி 10, 15 நிமிடம் வைத்தால் போதும். விரல் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் மினுங்கக் கூடாது. பிஸ்கட் தட்டையாகப் பரவி ஒன்றோடொன்று ஒட்டுகிறதா? வடிவம் வெட்டிய மாவைத் தட்டோடு 20 முதல் 30 நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். சுட்டு எடுத்த சூட்டுத் தட்டிலேயே அடுத்த மாவை அடுக்காதீர்கள், ஓவனுக்குள் போகும் முன்பே இளகிவிடும். இதற்காக இரண்டு தட்டு வாங்குவது வீண் செலவே இல்லை.

மின்கட்டணத்தையும் பார்ப்போம். 1,800 வாட் ஓவன் நிற்காமல் ஒரு மணி நேரம் எரிந்தால் 1.8 யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். சூடேற்றும் நேரம்தான் அதிகம் விழுங்குவது, அதனால் ஒருமுறை சூடேற்றிப் பலவற்றைச் சுடுங்கள். 200-ல் ரொட்டி, பிறகு 170-ல் கேக், அடுத்து 150-ல் பிஸ்கட். கடைசித் தட்டு பிஸ்கட்டுக்கு இறுதி 5 நிமிடம் ஓவனை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டிலேயே வேகவிடலாம். அதன்பின் நமத்துப்போன முறுக்கையோ ஓமப்பொடியையோ பரப்பி 100 டிகிரி அளவில் 8 நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். நன்றாக ஆறியதும்தான் டப்பாவில் போட்டு மூட வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே ஈரம் கோத்து மறுநாளே நமத்துவிடும்.

ஓவனுக்கும் கெண்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தாதீர்கள். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3,000 வாட்தான் தாங்கும், இரண்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். மேசை ஓவனின் பிளக்கை நேரடியாகச் சுவர்ச் செருகியில் பொருத்தி, ஓவனின் பின்னாலும் பக்கத்திலும் 10 செண்டிமீட்டர் விட்டு வையுங்கள். சுட்டு முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கையில் சுடும் அளவுக்கு இருந்தால் அன்றோடு நிறுத்தி, மின்வேலை தெரிந்தவரிடம் சுவர்ச் செருகியைக் காட்டுங்கள்.