சிபியுவுக்கு ஏர் கூலர் தேர்ந்தெடுப்பது எப்படி? சிங்கப்பூர் வெயிலையும் கணக்கில் சேருங்கள்

இங்கே ஏர் கூலர் என்பது அறைக்கானதல்ல, கணினியின் மூளையான சிபியு சில்லின் சூட்டைக் காற்றால் தணிக்கும் கருவி. யூடியூப் விமர்சனங்களில் வரும் வெப்பநிலைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மத்தியானம் அறையே 30, 31 இருக்கும். அறை 7 டிகிரி ஏறினால் சிபியுவும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். அங்கே 78 என்றால் இங்கே 85 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. வாட் கணக்கு

சிபியு பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட், 125 வாட் எல்லாம் பாதிக் கதைதான். ரைசன் 5 7600 65 வாட் என்பார்கள், 88 வரை இழுக்கும். இன்டெல் ஐ5-12400 117 வரை போகும். 13600கே 181, 14900கே 253. கூலரை இந்த அதிகபட்ச எண்ணுக்குத்தான் பார்க்க வேண்டும்.

சுமார் 120 வாட் வரை 120 மிமீ ஃபேனும் 4 ஹீட்பைப்பும் (வெப்பம் கடத்தும் குழாய்) உள்ள ஒற்றை டவர் (ஒரே தகட்டு அடுக்கு) கூலர் போதும். அதற்கு மேல் 180 வரை, 6 ஹீட்பைப் உள்ள இரட்டை டவர். 253 வாட்டுக்கு இந்த ஊரில் ஏர் கூலர் திணறும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பவர் வரம்பைக் குறைப்பதே புத்திசாலித்தனம். கேம் மட்டும் விளையாடுகிறவர் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, ஏனென்றால் கேமில் சிபியு முழு வாட்டை அரிதாகத்தான் தொடும்.

2. உயரம்

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். கேஸின் (கணினிக் கூடு) விவரப் பக்கத்தில் கூலர் உயர வரம்பு எத்தனை மிமீ என்று பாருங்கள். டீப்கூல் ஏகே400 155 மிமீ, நாக்டுவா என்எச்-டி15 165 மிமீ. வரம்பு 160 என்றால் இரண்டாவதை மறந்துவிடுங்கள். பக்கக் கண்ணாடி மூடாது. ஆர்ஜிபி (வண்ண விளக்குள்ள) ரேம் 44 மிமீ உயரம்கூட இருக்கும். அது இடித்தால் முன் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும், அப்போது மொத்த உயரமும் கூடும்.

3. சாக்கெட்

சாக்கெட் என்பது போர்டில் சிபியு உட்காரும் இடம். இன்டெல்லின் எல்ஜிஏ1200-இல் கூலர் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மிமீ, 1700-இலும் 1851-இலும் 78 மிமீ. கரோசெல்லில் (பழைய பொருள் விற்கும் தளம்) பழைய கூலர் வாங்கினால் 1700-க்கான மவுண்டிங் கிட் (மாட்டும் பாகங்கள்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டின் பின்தகட்டைக் (போர்டுக்குப் பின்னால் திருகைத் தாங்கும் தகடு) கழற்ற முடியாது. ஆகவே சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர் அதில் உட்காராது. கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போகிறவர்கள் மதர்போர்டு, கேஸ், ரேம் மூன்றின் மாடல் பெயரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

4. மாட்டுவது

சிபியுவிலிருந்து கூலருக்கு வெப்பம் கடத்தப் பூசிய பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-இல் பழைய கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் சிபியுவும் பின்களோடு கையில் வந்துவிடும்.

புதிய கூலரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். சிரிக்காதீர்கள், அதோடு மாட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. பட்டாணி அளவு பேஸ்ட்டை நடுவில் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாய்ந்து உட்காரும். ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது கேஸின் பின்புறம் பார்க்கட்டும். வயர், போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று அச்சிட்ட இடத்தில் போக வேண்டும்.

5. சோதனை

ஏர்கான் போடாமல், சிபியுவை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, சூட்டைக் காட்டும் எச்டபிள்யுஇன்ஃபோ மென்பொருளில் வெப்பத்தைக் கவனியுங்கள். சிறிய சிபியுவே சில விநாடிகளில் 95-க்குத் தாவினால் கூலர் சரியாகப் படியவில்லை: உரிக்காத தாள், தளர்ந்த திருகு, இரண்டில் ஒன்று. (ரைசன் 9 7950எக்ஸ் போன்றவை 95 வரை போகும்படியே செய்யப்பட்டவை, அதற்குப் பதற வேண்டாம்.) மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கூலரை மாற்றிப் பயனில்லை, கேஸுக்கு முன்பக்கம் இன்னொரு ஃபேன் வாங்குங்கள்.