பியூஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், கடையில் போய் "பியூஸ் ஒன்னு கொடுங்கண்ணே" என்றால் பெரும்பாலும் 13 ஆம்பியர்தான் கைக்கு வரும். காத்தாடி, டிவி, கெட்டல் என்று எல்லா பிளக்கிலும் அதுவே ஏறிவிடுகிறது. முதல் தவறு இது.

பிளக் பியூஸ் காப்பாற்றுவது வயரை. மேசைக் காத்தாடி 50 வாட் என்றால் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. அதன் 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாங்குவது 3 ஆம்பியர். 13 ஆம்பியர் பியூஸோ, 20 ஆம்பியர் ஓடினாலும் உடனே அறுந்துவிடாது, வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் வயரின் தோல் இளகி, கம்பிகள் ஒட்டி, பாயோ திரைச்சீலையோ பற்றிக்கொள்ளும்.

வாட்டை 230ஆல் வகுத்துப் பாருங்கள். 700 வாட் வரை 3 ஆம்பியர். அதற்கு மேல் 13, வயரும் தடிமனாக இருந்தால். குளிர்பெட்டி மட்டும் விலக்கு. ஓடும்போது 150 வாட்தான், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவையே போடுங்கள்.

அடுத்தது, எண் ஒன்றாக இருந்தால் எந்த பியூஸும் போதும் என்ற நினைப்பு. பிளக்குக்கு பிஎஸ் 1362 (BS 1362) என்ற பிரிட்டிஷ் தர எண் பொறித்த பீங்கான் பியூஸ்தான் வேண்டும். கண்ணாடிக் குழாய் பியூஸில் பெரிய ஷார்ட் அடித்தால் குழாயே வெடிக்கலாம். கோயில் ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பது கண்ணாடி பியூஸ்தான். அந்த பியூஸின் உலோக மூடியில் 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் மெதுவாக அறுவது, 'எஃப்' (F) என்றால் சட்டென்று அறுவது. 'டி' இருந்த இடத்தில் 'எஃப்' போட்டால் சுவிட்ச் போட்டதும் போய்விடும். உடனே பெரிய எண்ணுக்குத் தாவுவார்கள், அதுதான் ஆபத்து. காரின் பிளேடு பியூஸ் பொதுவாக 32 வோல்ட் டிசிக்கு (பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம்) உரியது; வீட்டு மின்சாரத்தில் வேண்டவே வேண்டாம். சோலார், பேட்டரி லைனுக்கு டிசி என்று குறித்ததையே வாங்குங்கள். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடி நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வழியுண்டு. டிசியில் அது இல்லை.

பழைய லயத்து வீடுகளின் பியூஸ் கட்டையில் செம்பு இழையைத் திரித்துக் கட்டுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. எத்தனை ஆம்பியரில் அறும் என்று யாராலும் சொல்ல முடியாத பியூஸ், பியூஸே இல்லை.

போன கண்ணாடி பியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் பெரும்பாலும் ஷார்ட். கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் லோடு கூடியிருக்கலாம். பிளக்கைத் திறந்தால் பியூஸ் கவ்வி பழுப்பேறித் தளர்ந்திருக்கிறதா? அப்படியானால் பியூஸை மட்டும் மாற்றிப் பயனில்லை, பிளக்கையே மாற்றுங்கள்.