எதிர்ப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குக் காரில் போகிறீர்களா? ஹெட்லைட்டில் செய்யக்கூடாத தவறுகள்

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் காரோடு கப்பல் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பிரான்ஸின் கலே வந்துவிடும். இறங்கியதும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஹெட்லைட்டைத்தான் மறந்துவிடுகிறார்கள். மறந்தவருக்கு இதனால் தொந்தரவு எதுவும் தெரிவதில்லை, கண் கூசுவது எதிரே வருபவருக்குத்தான். இந்த அலட்சியம் இவ்வளவு காலம் நீடிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிம் லைட்டின் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த காரை, சமதரையில் ஒரு சுவரைப் பார்த்தபடி 5 முதல் 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, இருட்டிய பிறகு டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலது பாதியில் படுக்கைக் கோடாக இருக்கும். நடுவிலிருந்து இடது பக்கம் அது மேல்நோக்கி ஏறும், பல கார்களில் 15 டிகிரி சாய்வில். ஓரமாக நடந்து போகிறவரும் சாலையோரப் பலகையும் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்றம். அதே காரை வலப்பக்கம் ஓட்டினால், மேலேறும் அந்த வெளிச்சம் எதிர் வண்டிக்காரரின் கண்ணில் போய் விழும். நீங்கள் போகும் பக்கத்து ஓரமோ இருட்டாகக் கிடக்கும். நஷ்டம் இரண்டு பேருக்கும்தான்.

ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வது ஒரு பொதுவான தவறு. கணக்கில் எடுக்க வேண்டியது, அந்த விளக்கு எந்தப் பக்கம் ஓட்டும் சாலைக்காகச் செய்யப்பட்டது என்பதை மட்டுமே. எல்லை தாண்டிய நாடும் அதே பக்கம் ஓட்டும் நாடு என்றால் எதையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது, காரின் கையேட்டைப் புரட்டாமலே, மேலேறும் வெளிச்சத்தை அடக்க ஹெட்லைட்டின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரை வாங்கி ஒட்டிவிடுவது. இன்றைய கார்கள் பலவற்றில் திரையில் உள்ள மெனுவிலேயே பக்கத்தை மாற்றலாம். சிலவற்றில் விளக்கின் பின்புறம் சின்ன நெம்புகோல் இருக்கும். ஜிபிஎஸ் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் கார்களும் உண்டு. சில கார்களின் கையேடு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றே சொல்லிவிடும். மெனுவில் மாற்றிவிட்டு அதன்மேல் ஸ்டிக்கரும் ஒட்டினால், சரியாக இருந்த வெளிச்சத்தையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

ஸ்டிக்கர்தான் வழி என்றால், குத்துமதிப்பாக ஒட்டக்கூடாது. கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒட்ட வேண்டிய இடம் மாடலுக்கு மாடல் வேறு. பல கார்களில் இடது விளக்குக்கும் வலது விளக்குக்குமே வேறுவேறு. அதற்கான படம் ஸ்டிக்கரோடு வரும். விளக்கு ஆறியிருக்க வேண்டும், மேற்பரப்பு துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். துறைமுக வரிசையில் நின்றுகொண்டு மழையில் ஒட்டும் வேலை வேண்டாம். முந்தின நாளே ஒட்டி, அதே சுவருக்கு முன் நிறுத்திப் பாருங்கள். ஏறிய கோடு அடங்கியிருக்க வேண்டும். இன்னும் ஏறியிருந்தால் விரற்கடை அளவு நகர்த்தி ஒட்டி மறுபடி பாருங்கள். ஒட்டியவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்வதே இல்லை. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஸ்டிக்கருக்குப் பதிலாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேப் வெளிச்சத்தை மறைக்கும், திருப்பிவிடாது. ஹாலஜன் விளக்கின் சூட்டில் பசை இளகி, விளக்கின் பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) மூடியில் கறையாகப் படிந்துவிடும்.

டேஷ்போர்டில் உள்ள உயரம் குறைக்கும் திருகியைக் கீழே இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அதனால் வெளிச்சம் எட்டும் தூரம்தான் குறையுமே தவிர, ஒரு பக்கமாக ஏறும் சாய்வு அப்படியே இருக்கும். அந்தத் திருகிக்கு வேறு வேலை இருக்கிறது. டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், அப்போது ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். அதைச் சரிக்கட்டத்தான் திருகி. நீண்ட பயணத்துக்குப் போகிறவர் பக்கம் மாற்றுவது, உயரம் குறைப்பது இரண்டையுமே செய்ய வேண்டும்.

"நாங்கள் பகலில்தான் ஓட்டப்போகிறோம்" என்பதும் சரியான பதில் இல்லை. பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே உள்ள மோன் பிளாங் சுரங்கப்பாதை 11.6 கிலோமீட்டர் நீளம். ஒரே குழாயில் இரு திசை வண்டிகளும் எதிரெதிரே போகும். உச்சி வெயில் நேரமானாலும் உள்ளே விளக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். மழையும் பகலில் பெய்யும்.

பிரைட் லைட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அது இரு பக்கமும் சமமாகத்தான் விழும்.

அப்புறம், வெளிநாட்டிலேயே குடியேறி அந்தக் காரையே வைத்துக்கொள்வதென்றால் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது சில வாரப் பயணத்துக்கானது. அந்த நாட்டுக்குரிய விளக்கையே மாற்றிவிட வேண்டும். 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, அங்கிருந்த வண்டிகளின் ஹெட்லைட்டுகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டிவந்தது.

ஊர் திரும்பியதும் ஸ்டிக்கரை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் சொந்த ஊரில் சாலையோரம் சரியாகத் தெரியாது. பிளேடால் சுரண்டாதீர்கள், மூடியில் கீறல் விழும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைத்து இளக்கி, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கலாம். மெனுவிலோ நெம்புகோலிலோ மாற்றியவர்களுக்கு ஞாபகப்படுத்த வண்டியின் முகத்தில் எதுவும் ஒட்டியிருக்காது. அவர்கள் திரும்பும் தேதிக்கு ஃபோனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்வது நல்லது.