பழைய பேஸ்பால் கார்டுகள்: ஆசையில் செய்துவிடும் தவறுகள்

ஐம்பதுகளில் அமெரிக்காவில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் பேஸ்பால் கார்டு (வீரர்களின் படம் போட்ட சிறு அட்டை) பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும்: "நான் காலேஜுக்குப் போன நேரம், அம்மா எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார்." அப்படிப் போகாமல் மிஞ்சியவற்றையும் பிற்காலத்தில் பலர் கெடுத்துவிடுகிறார்கள். அதுவும் ஆசையால்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன குளிர்காலத்தில் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் சேர்த்த கார்டுகள். அணிவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார். ரப்பர் இளகி, பிறகு காய்ந்து, மேல் கார்டில் பழுப்பாக ஒட்டியிருந்தது. இறுக்கிய இடத்தில் விளிம்பு பள்ளம் விழுந்திருந்தது. இன்னொரு கார்டின் பின்பக்கம், பாக்கெட்டில் கார்டோடு வந்த சூயிங்கம் பட்ட இடத்தில் நீள்சதுரமாக ஒரு கறை. அவர் கை உடனே ஈரத்துணியைத் தேடியது. நான் தடுத்துவிட்டேன்.

பழைய கார்டைச் சுத்தம் செய்யப் போவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. ரப்பரால் அழிப்பது, மடிப்பை அழுத்தி நேராக்குவது, நிறம் உதிர்ந்த ஓரத்தில் பேனாவால் தீட்டுவது, மழுங்கிய மூலையை வெட்டிக் கூராக்குவது எல்லாமே இதில் அடக்கம். கறையோடு இருக்கும் கார்டு பழைய கார்டு, அவ்வளவுதான். கை வைத்த கார்டை 'திருத்தியது' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதில் பெரிய கைகளும் தப்பவில்லை. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு மிக அரியது. அவற்றில் ஒன்றை 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். தரம் பார்த்துச் சான்று தரும் பிஎஸ்ஏ நிறுவனம் முதல் எண் கொடுத்ததே இந்தக் கார்டுக்குத்தான். அதன் ஓரங்களை வெட்டியது தான்தான் என்று, அதை முன்பு கைமாற்றிய ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதனால் வாங்கும்போது கார்டை அளந்து பாருங்கள். டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கார்டுகள் 1957 முதல் 2.5-க்கு 3.5 அங்குலம், 1952 முதல் 1956 வரை அதைவிடச் சற்றுப் பெரியவை.

இந்த அளவு இன்னொரு ஏமாற்றத்திலிருந்தும் காப்பாற்றும். 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போனது. அதே படத்தோடு வீட்டில் ஒன்று கிடைத்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் 1952 வரிசையை டாப்ஸே 1983-இல் மறுபதிப்பு போட்டது. அளவு சிறியது, பின்பக்கம் மறுபதிப்பு என்றும் அச்சாகியிருக்கும்.

சரி, அசல்தான், பழையதுதான் என்றே வைத்துக்கொள்வோம். பழையது என்பதாலேயே விலை வந்துவிடாது. எண்பதுகளின் பின்பாதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கார்டுகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பிரிக்காமல் வைத்த பெட்டிகளில் பல இன்றும் மலிவாகவே விற்கின்றன. அந்தக் காலத்தில் சேர்த்தவற்றைப் பிரித்துப் பிள்ளைகளோடு பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

வைக்கும் இடம் முக்கியம். பரண் கோடையில் கொதிக்கும், அடித்தளத்தில் ஈரம் ஏறும். படுக்கையறை அலமாரி போதும். பிவிசி கலந்த பழைய ஆல்பம் தாள்கள் நாளடைவில் கார்டில் ஒட்டும், அவற்றைத் தவிருங்கள். முதலில் மெல்லிய உறை, அப்புறம் டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. உறை இல்லாமல் டாப்லோடரில் நுழைத்தால் கார்டு உள்ளே ஆடி மூலை மழுங்கிவிடும். கையெழுத்திட்ட பந்தை ஜன்னலோரம் வைத்தால் மை வெளிறிப்போகும்.

கையெழுத்து என்றதும் கூடவே வரும் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பாலும் இருந்தது. வீரர்களுக்குப் பதிலாக உடைமாற்றும் அறை உதவியாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் உண்டு. அதனால் அப்பாவுக்கு நேரில் கிடைத்த கையெழுத்து என்றால் எங்கே, எந்த ஆட்டத்தில் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கார்டுகளை உறைகளுக்கு மாற்றினோம். முடிந்ததும் காலி ஷூ பெட்டியைக் குப்பைக்கு எடுத்துப் போனார். மூடியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். உள்பக்கம் பென்சிலில், பத்து வயதுக் கையெழுத்தில், இன்னும் கிடைக்காத கார்டுகளின் எண்கள் வரிசையாக இருந்தன. மூன்று எண்கள் மட்டும் அடிக்கப்படவில்லை.