பின்பட்டை புஷ் மாற்றுவது எப்படி: மலைப்பாதையில் ஓடும் பழைய வண்டிகளுக்கு

ஆம்னி, அம்பாசடர், பழைய மகிந்திரா ஜீப், எதை எடுத்தாலும் பின்னால் சுமை தாங்குவது கமான் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்). பட்டையின் இரு முனையிலும் வளையமாகச் சுருண்ட கண் உண்டு. முன்கண் பாடியோடு போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். பின்கண் ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்புத் தகட்டில் தொங்கும், ஷேக்கிளின் மேல்முனை பாடியில் மாட்டியிருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று மூட்டு, மூன்றிலும் போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ். இவை பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். ஏற்றத்தில் சக்கரம் தள்ளுவதும் இறக்கத்தில் பிரேக் பிடித்து இழுப்பதும் முன்கண் புஷ் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. ஊட்டி-மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் லோடு ஏற்றி ஓடும் வண்டிக்குச் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் புஷ் போவது அதனால்தான்.

புஷ் போனால் முதலில் சத்தம் வரும். பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் ஒரு ‘டக்’, ரிவர்ஸிலிருந்து முதல் கியர் போட்டு எடுக்கும்போது இன்னொரு ‘டக்’. அடுத்து, வளைவில் வண்டியின் வால் தனியாக ஒருமுறை நகர்ந்து நிற்பது போலத் தெரியும். ஸ்டீயரிங் சரியாக இருந்தும் வண்டியைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் இதே சத்தம் பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு தேய்ந்தாலும், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும், ஷாக் அப்சார்பர் புஷ் போனாலும் வரும். எனவே சாமான் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டைக்கும் ஷேக்கிளுக்கும் நடுவில் கனமான லீவர் விட்டு நெம்புங்கள். போல்ட் கண்ணின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, ரப்பர் ஓரம் பிதுங்கிப் பொடிந்து கையில் வந்தாலோ, மாற்றும் வேளை வந்துவிட்டது. ஷேக்கிள் தகடு ஒரு பக்கமாகக் கோணி, பட்டையின் ஓரத்தில் பளபளப்பாகத் தேய்த்திருந்தால் இனி தள்ளிப்போட வேண்டாம்.

சாமான் கணக்கு வண்டியைப் பொறுத்தது. ஷேக்கிள் மூட்டுகளில் பெரும்பாலும் இடது வலதாகச் செருகும் இரண்டு பாதி ரப்பர்கள் இருக்கும். ஒரு மூட்டுக்கு 2, ஒரு பக்கத்துக்கு 4, மொத்தம் 8. முன்கண்ணில் இரும்புக் குழாயோடு அழுத்திப் போட்ட முழுப் புஷ் என்றால் அது 2. அங்கேயும் பாதி ரப்பர்தான் என்றால் 4. அடியில் குனிந்து பார்த்த பிறகு வாங்குங்கள். எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது லாக் நட்டுகள் கட்டாயம். ஷேக்கிளின் பின்னில் (மூட்டில் கோத்த இரும்புத் தண்டு) நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி போலத் தட்டினால் பின்னும் புதிது. ஊட்டியிலோ குன்னூரிலோ கிடைக்காவிட்டால் கோவைக்குச் சொல்லி நல்ல கம்பெனி ரப்பரே வாங்குங்கள். தேய்த்தால் விரலில் கரி போல ஒட்டும் மலிவு ரப்பர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பாலியூரிதேன் புஷ் நெடுநாள் உழைக்கும், ஆனால் குலுக்கலையும் சத்தத்தையும் உள்ளே கொண்டுவரும். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு ரப்பரே சுகம். கிரீஸ் நிப்பிள் வைத்த திரெட் ஷேக்கிள் உள்ள மிகப் பழைய ஜீப்புக்கு இங்கே சொல்வது பொருந்தாது.

மழை அதிகமுள்ள கூடலூர், பந்தலூர் பக்கத்து வண்டி என்றால் போல்ட் துருவில் இறுகிப்போயிருக்கும். முந்தின நாளே திரெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டுவிடுங்கள்.

வேலைக்கு முதல் தேவை சமதரை. மலையில் அதுதான் கஷ்டம், ஆனால் சரிவான வாசலில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்துக்கு, கியரும் பிடிப்பது பின்சக்கரத்தை. இரண்டு பின்சக்கரமும் தரையை விட்டு எழும்பியதும் வண்டியைப் பிடித்து நிறுத்த இரண்டுமே உதவாது. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கனமான கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால், பாடியின் கெட்டியான பகுதியில் இரு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். பிறகு ஆக்சில் ஹவுசிங்கின் கீழே தனி ஜாக்கி. பிரேக் ஹோஸில் ஆக்சிலின் பாரம் தொங்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கப் பட்டை ஆக்சிலை இடத்தில் வைத்திருக்கும். முதலில் ஷேக்கிள். நட்டைச் சற்று இறுக்கிவிட்டுத் தளர்த்தினால் துரு உடைந்து இளகும். நட்டு கழன்றும் ஷேக்கிள் பின் வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள், ஆக்சில் ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாரம் சமமாகிற உயரத்தில் பின் கையாலேயே ஆடும். பழைய பாதி ரப்பரை நெம்பி எடுத்து, கண்ணின் உள்பக்கத்தை எமரி தாளால் துரு போகத் தேயுங்கள்.

முன்கண் முழுப் புஷ்தான் பாடுபடுத்தும். போல்ட்டை எடுத்து, ஆக்சிலைச் சற்று இறக்கிக் கண்ணை பிராக்கெட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள். புஷ்ஷின் துளையில் நுழையும் கெட்டியான திரெட் ராடு, ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சற்றே சிறிய சாக்கெட், மறுபக்கம் புஷ் உள்ளே வந்து விழும் அளவு குழாய், இரு முனையிலும் தடித்த வாஷர், நட்டு. நட்டை இறுக்க இறுக்கப் புஷ் குழாய்க்குள் நகரும். நகராவிட்டால் ரப்பரைச் சுற்றித் துளை போட்டு நடுக்குழாயை எடுத்துவிட்டு, ஹேக்சா பிளேடால் வெளித்தகட்டை உள்ளிருந்து அறுங்கள். தகடு அறுபடும் நேரம் நிதானம் வேண்டும். பட்டைக் கண்ணில் பிளேடு ஒரு கோடு போட்டாலும் பின்னாளில் மெயின் பட்டை (கண் உள்ள பட்டை) அங்கேதான் விரிசல் விடும். தீ வைத்து ரப்பரை எரிப்பது வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்க்கும் பிரேக் பைப்பும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, சூட்டில் பட்டையின் பதமும் போய்விடும்.

புதுப் புஷ் போடும்போது வெளித்தகட்டின் விளிம்பில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ரப்பரிலோ நடுக்குழாயிலோ அழுத்தினால் போடும்போதே கிழியும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போதும். சாதா கிரீஸ், ஆயில் கூடாது, ரப்பர் ஊறி உப்பிவிடும்.

எல்லா நட்டையும் கையிறுக்கமாக மட்டும் பூட்டி, மறுபக்கத்தையும் முடியுங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் மாட்டி, பாடி ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். அடியில் ஸ்பேனர் ஓட்ட இடம் இல்லையென்றால் ஸ்டாண்டை ஆக்சிலின் கீழே வைத்து நிறுத்தலாம். பட்டையில் வண்டியின் பாரம் உட்கார்ந்திருப்பதுதான் முக்கியம். அதற்குப் பிறகே கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில், அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் அளவுக்கு.

இதை மாற்றிச் செய்வதால்தான் புதுப் புஷ் சில மாதத்தில் கிழிகிறது. முழுப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளித்தகட்டோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக் கொடுத்துத்தான் வேலை செய்யும். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும். பள்ளம் வரும்போது மிச்ச முறுக்குக்கு இடமில்லாமல் அறுந்துபோகும்.

பிறகு முன்கண் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பட்டைத் தகடுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். ஷேக்கிள் முழுக்கச் சாய்ந்து பாடியைத் தொடும் அளவுக்குக் கிடந்தால் பட்டை தளர்ந்துவிட்டது, அதை மீண்டும் வளைத்துச் செட்டாப் செய்யாமல் புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை.

முதல் ஓட்டம் ஊருக்குள் மெதுவாக. சுமார் 500 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை அளவு பாருங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துருவுக்கு நல்லது என்று அடிப்பார்கள். பட்டைக்கு அது ஆகும், புஷ்ஷுக்கு ஆகாது.